எந்த வீடு என்று கேட்டார்கள்

வெட்கப்படுவதற்கென்றே பிறந்த மனிதர் என்று அம்மா அவரைப் பற்றிச் சொல்வார். அதைப் பாராட்டாகச் சொன்னாரா, எரிச்சலில் சொன்னாரா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. எங்கள் வீட்டுக்குக் கேபிள் இழுக்க வந்த முதல் நாள், வாசலில் செருப்பைக் கழற்றியவர், அது தேய்ந்து போயிருந்ததாலோ என்னவோ, பூச்சட்டிகளுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்துவைத்தார். வேலை முடிந்து போகும்போது எந்தச் சட்டிக்குப் பின்னால் வைத்தோம் என்பது மறந்துவிட்டது. எங்களைக் கேட்கவும் கூச்சம். வெறுங்காலோடு ஒழுங்கையில் இறங்கிப் போய்விட்டார். மறுநாள் நான்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன். "மன்னிச்சிருங்க தங்கச்சி" என்றார். எதற்கு மன்னிப்பு என்று கேட்டால் அதற்கும் ஒரு தடவை வெட்கப்படுவாரே என்று பேசாமல் விட்டேன்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து மடவளைக்குப் போகும் வீதியில், மேட்டில் ஏறும் ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்காகக் கண்டிக்கு வந்தவர். ஓய்வு பெற்றபோது திரும்பிப் போக ஊர் ஊராக இல்லை. யுத்தம் அதன் கடைசி வருடங்களில் இருந்தது. கடைசி வருடங்கள் என்று அப்போது எங்களுக்கு யார் சொன்னார்கள்? டிஷ் அன்டனா வைத்து வீடு வீடாக நாடகமும் கிரிக்கெட்டும் காட்டிக்கொண்டிருந்த ஒரு சிங்கள முதலாளி, அதே கம்பியில் இன்டர்நெட்டும் அனுப்பலாம் என்று கேள்விப்பட்டு, எங்கள் பக்கத்து வீடுகளுக்கு அதையும் கொடுக்கத் தொடங்கியிருந்தார். எல்லாக் கம்பிகளும் போய்ச் சேரும் அறை மலை உச்சியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த அறைக்குக் காவல்காரரும் செருப்பை ஒளித்த இவர்தான், பூசாரியும் இவர்தான். ஒழுங்கையில் எல்லோருக்கும் அவர் 'கேபிள் தம்பி'. தம்பி என்றாலும் முப்பத்தைந்து வயதுக்குக் குறையாது. பெயர் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால், எங்கே இருந்தாலும் கூனிக்குறுகிப்போவார்.

வீட்டுக்குள் வந்தால் அவர் பார்ப்பது சுவரை மட்டும்தான். கம்பி வரும் மூலை, மோடம் இருக்கும் மேசை, அதற்கு அப்பால் எங்கள் வீட்டில் கதிரை இருக்கிறதா, அலுமாரி இருக்கிறதா, ஆட்கள் இருக்கிறார்களா என்பது அவருக்குத் தெரியாது. நான் கடவுச்சொல் அடிக்கும்போது திரும்பி நின்றுகொள்வார். திரும்பினால் பாதி திரும்புவதல்ல, பாடசாலையில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி மூக்கு சுவரில் முட்டும்படி நிற்பார். "அடிச்சு முடிச்சிட்டன், திரும்புங்கோ" என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார்.

"சுவருக்கு மாப்பிள்ளை வந்திருக்கிறார்" என்று நான் அம்மாவிடம் சிரிப்பேன். ஒரு நாள் அவர் காதில் விழும்படியே சொல்லிவிட்டேன். கோபிக்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே, "வயரு வூட்டுக்குள்ள போகலாங்க தங்கச்சி. கண்ணு போகக் கூடாது" என்றார். அவர் என்னிடம் பேசிய நீளமான வசனங்களில் அது ஒன்று.

கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஒரு தடவை அவரும் இருந்தார். பாலத்தடியில் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னார்கள். எனக்குப் பயமாக இருந்தது. அவர் எனக்கு முன்னால் நின்றார். பயம் அவருக்கும் இருந்திருக்கும், ஆனால் வெட்கம் அதை முந்திக்கொண்டது. பைக்குள் கம்பித் துண்டுகளும் பழைய துவாயும் அலங்கோலமாகக் கிடந்ததற்காக, அந்த இராணுவப் பையனிடம் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பையனே சிரித்துவிட்டான். அடுத்து என் கைப்பையைத் திறக்கவைத்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தபோது, பெண்பிள்ளையின் பைக்குள் என்னென்ன இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை, நான் கூசிப்போய் நிமிர்ந்து பார்த்தேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றார். அன்றோடு நான் மாப்பிள்ளைப் பகிடியை நிறுத்திக்கொண்டேன்.

அவருடைய சொந்தக் கதை எங்களுக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பிறகு அவருடைய தகப்பன் பிலிமத்தலாவையில் வீதியோரமாக ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடை போட்டார். கலவரத்தில் கடை எரிந்தது. இதை அவர் அம்மாவிடம் ஒரேயொரு தடவை, ஏணியில் நின்றுகொண்டு, முகம் தெரியாத உயரத்திலிருந்து சொன்னார்.

"வந்தவங்க வெளியூரு ஆளுங்கம்மா. எது தமிழன் கடைன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல கடை வச்சிருந்தவர்கிட்டதான் கேட்டாங்க. அவரு ஒண்ணும் பேசல. கையக்கூட நீட்டல. தாடையால இப்படிக் காட்டுனாரு, அவ்வளவுதான்."

"அந்த மனுசன் பிறகு?" என்று அம்மா கேட்டார்.

"நல்ல மனுசன்தாம்மா. ரெண்டு நாளைக்கு அப்புறம் எங்களுக்குச் சோறு கொண்டாந்தாரு. அப்பா வாங்கிக்கிட்டாரு. எனக்குத்தான் அவரு மொகத்தப் பாக்க வெக்கமா போச்சு." காட்டியவன் பட வேண்டிய வெட்கத்தையும் இவர்தான் பட்டிருக்கிறார்.

ஒழுங்கையின் கீழ்முனையில் டீச்சர் வீடு. டீச்சரின் கணவருக்கு மடவளையில் பிளாஸ்டிக் சாமான் கடை. மக்காவுக்குப் போய்வந்தவர் என்பதால் எங்களுக்கு அவர் ஹாஜியார். டீச்சரும் அம்மாவும் பேசாத நாள் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் பொழுதுபட்டால் அம்மா ஒழுங்கையில் இறங்கமாட்டார். சந்தியில் இராணுவம் காவல் நின்றது. டெலிபோனில் பேசினால் யாரோ கேட்கிறார்கள் என்று ஒரு பயம். கனடாவில் இருக்கும் மாமாவோடு கம்ப்யூட்டரில் பேசிப் பழகியிருந்ததால், அம்மாவும் டீச்சரும் அப்படியே பேசிக்கொள்ளத் தொடங்கினார்கள். அது சரிவரவில்லை. குரல் அறுந்து அறுந்து வந்தது.

"ஒங்கட கதையெல்லாம் தண்ணிக்குள்ள ஈந்து வார மாதிரி ஈக்கி, அக்கா" என்று டீச்சர் கத்துவார். கத்துவது வாசலால் நேராகவே கேட்கும்.

அம்மா கேபிள் தம்பியைக் கூப்பிட்டுச் சண்டை பிடித்தார். கனடா தெளிவாகக் கேட்கிறது, கீழ்வீடு கேட்கவில்லை, இது என்ன கூத்து? அவர் சுவருக்கு விளக்கம் சொன்னார். ஒரே கம்பியில் தொங்கும் இரண்டு வீடுகளுக்கு ஒன்றையொன்று கேட்காதாம். வீடுகள் பேசுவது மேலே மட்டும்தான் போகும், வீடுகளுக்குக் கேட்பது மேலேயிருந்து வருவது மட்டும்தான். "நீங்க டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா அது மலைக்கு வந்து, அங்கேருந்து கொழும்புக்குப் போயி, திரும்ப மலைக்கு வந்துதாம்மா கீழ எறங்குது."

"என்ன தம்பி, கீழ்வீட்டில ஒரு கறிவேப்பிலை கேக்கிறதுக்குக் கொழும்புக்குப் போய் வரவேணுமோ?" என்றார் அம்மா.

அவருக்கு அது தாங்க முடியாத அவமானமாகிவிட்டது. ஏதோ கொழும்பையும் மலையையும் அவரே கொண்டுவந்து நடுவில் வைத்த மாதிரி முகம் சுருங்கிப்போனார். ஒரு கிழமை போனது. பிறகு வந்து, "இப்ப பேசிப் பாருங்கம்மா" என்றார். கம்பனி வாடிக்கையாளர்கள் தங்களுக்குள் பேசுவதை மலையிலேயே திருப்பிக் கீழே விடும்படி செய்திருந்தார். டீச்சரின் குரல் அடுத்த அறையில் இருப்பது போல வந்தது. அவர் குசினியில் தாளிப்பதுகூடக் கேட்டது. அம்மா சந்தோஷத்தில் ஒரு கோப்பை தேத்தண்ணி நீட்ட, வழக்கம்போல அவர் "வேணாம்மா" என்று படியிறங்கினார்.

அன்று அவர் இன்னொன்றும் சொன்னார். இன்டர்நெட்டில் எங்கள் ஒழுங்கைக்கு வெளியுலகத்தில் ஒரே விலாசம்தானாம். "வெளில இருந்து பாக்குறவனுக்கு நம்ம லேன் முழுக்க ஒரே வூடுங்க. உள்ளுக்க எந்தக் கதவுன்னு மலையில மட்டுந்தான் தெரியும்." டீச்சருக்கு இது மிகவும் பிடித்துப்போய், "நாங்க எல்லாரும் ஒரு வீடு" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஹாஜியார் எங்களையும் கேபிள் தம்பியையும் கூப்பிட்டார். பெண்கள் உள்ளே, ஆண்கள் விறாந்தையில். அவர்கள் வீட்டில் பெருநாள் சாப்பாடு சஹனில்தான். பெரிய தட்டமொன்றில் சோற்றைக் குவித்து, அதைச் சுற்றி ஐந்தாறு பேர் இருந்து ஒன்றாகச் சாப்பிடுவது. தன் சாப்பாட்டையே மற்றவர் பார்க்க உண்ணாத மனிதரை ஒரே தட்டத்தில் கை வைக்கச் சொன்னால் என்ன ஆகும்? தன் பக்கத்து ஓரத்தில் ஒரு சின்னக் குழி தோண்டி அதற்குள்ளேயே விரலை வைத்துக்கொண்டிருந்தார் என்று அப்பா சொன்னார். ஹாஜியார் தன் பக்கத்து இறைச்சியை எல்லாம் ஒவ்வொன்றாக அவர் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார். விருந்தாளிக்கு அப்படித் தள்ளுவதுதான் மரியாதை. திருப்பித் தள்ளவும் முடியாமல், சாப்பிடவும் முடியாமல், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். "மிளகாய் ஒறைப்பு மிச்சமா மகன்?" என்று ஹாஜியார் கேட்க, "ஆமாங்க" என்றாராம்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

என் அக்கா கிளிநொச்சிப் பக்கம் கலியாணம் கட்டிப் போனவள். அங்கே சண்டை முற்றியபோது அவளிடமிருந்து செய்தி நின்றது. அப்பாவின் சிநேகிதர் ஒருவரின் மகன் கொழும்பில் லொட்ஜ் ஒன்றில் இருந்தான். வன்னியிலிருந்து எப்படியோ வெளியே வந்தவர்களிடம் விசாரித்து, யார் எந்த ஊருக்கு இடம்பெயர்ந்தார்கள் என்று வெளியில் இருக்கும் உறவினர்களுக்கு மின்னஞ்சலில் எழுதுவான். அப்பா அவனுக்கு எழுதி அக்காவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் புலிகளுடைய ஆள் என்று அந்தப் பொடியனைப் பிடித்துவிட்டார்கள். அவனுடைய கம்ப்யூட்டரைத் திறந்து யார் யாரெல்லாம் அவனோடு தொடர்பு என்று தேடியிருக்கிறார்கள். இவை எதுவும் எங்களுக்குத் தெரியாது.

எங்களுக்குத் தெரிந்தது, ஒரு மாலை நேரம் பள்ளிவாசலில் மஃரிப் தொழுதுவிட்டு வந்த ஹாஜியாரை வீட்டு வாசலிலேயே ஒரு வெள்ளை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்பதுதான். சிவில் உடுப்பில் வந்தவர்கள். எங்கே, ஏன் என்று சொல்லவில்லை. டீச்சர் தலைத்துணி நழுவியது தெரியாமல் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். "ஐயா, நீங்க சிங்களம் நல்லாத் தெரிஞ்சவர், கவர்மெண்ட் கந்தோருகள்ள பழகினவர். எனக்கு யாரிக்கிறாங்க? கொஞ்சம் வாங்கோ" என்று அப்பாவின் கையைப் பிடித்தார். அப்பா போனார். போன இடங்களில் எல்லாம் "இங்கே அப்படி யாரும் இல்லை" என்றார்கள்.

மறுநாள் காலை கேபிள் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் வேலைச் சாமான் பை இல்லை. செருப்பைக் கழற்றவில்லை. முதல் தடவையாக, நாங்கள் சொல்லாமலே, கதிரையில் உட்கார்ந்தார். அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தார். எனக்கு அதுவே பயமாக இருந்தது.

"ஐயா, டீச்சர் வூட்டக் காட்டுனது நான்தாங்க."

அப்பா கையிலிருந்த பேப்பரை மேசையில் வைத்தார்.

"மேல ரூமுக்கு வந்தாங்க. ஒரு விலாசத்தக் குடுத்து, இது ஒங்க கம்பனிதானேன்னாங்க. ஆமான்னேன். அந்த நேரத்துல கொழும்புல அந்தப் பையனோட பேசுனது எதுன்னு மெசின்லயே காட்டச் சொன்னாங்க. 'கொயி கெதரத'ன்னாங்க. எந்த வூடு? அதுதான் கேட்டாங்க, வேற ஒண்ணுமே கேக்கல." அவர் குரல் இறங்கியது. "அது இந்த வூடுங்க ஐயா."

அப்பா மெல்ல, "ஓம். அது நான்தான்" என்றார்.

"திரையில நம்பருங்கதான் இருக்கும். எது யாருதுன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். வெரலு இங்கதான் வந்துச்சு. வந்த வெரல கீழ நகர்த்திட்டேன்."

"ஏன் ஹாஜியாரைக் காட்டினனீர்?"

"தமிழ் வூடுன்னா ஐயாவ விடவே மாட்டாங்க. முஸ்லிம் வூடுன்னா, இவனுக்கும் புலிங்களுக்கும் என்ன சம்பந்தம்னு ரெண்டு கேள்வி கேட்டுட்டு வுட்டுருவாங்கன்னு நெனச்சேன். நம்ம பக்கத்துல அப்படித்தானுங்களே. நெனச்சது பிசகிப்போச்சு."

அப்போது அம்மா, சுவாமி அறைப் பக்கம் திரும்பி, கைகூப்பி, "முருகா, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார்.

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது என்ன வார்த்தை என்று அம்மாவுக்கே உறைத்தது. போனது தலைப்பாகை இல்லை, அது ஹாஜியாருடைய தலை. அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்தக் கணத்தில் எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. முஸ்லிம்தானே, விட்டுவிடுவார்கள்தானே என்று நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் காது மடல் சுடுகிறது.

அப்பா எழுந்து அலுமாரியைத் திறந்து வெள்ளைச் சேட்டை எடுத்தார். அம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றார். "போகாதேங்கோ. எனக்கு ஒரு பிள்ளை எங்கை எண்டு தெரியாது. நீங்களும் போனால் நான் என்ன செய்ய? அவரை இண்டைக்கு விட்டிடுவாங்கள்."

"விடாட்டி?" என்றார் அப்பா. "அந்த மனுசி இராத்திரி முழுக்க என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு திரிஞ்சவ. நான் என்ர பிள்ளை உயிரோடை இருக்கிறாளோ எண்டு கேட்டு எழுதினனான். அதை நான்தான் போய்ச் சொல்லவேணும். ஹாஜியார் எப்பிடிச் சொல்லுவார்? அவருக்கு என்ன தெரியும்?"

அம்மா நகரவில்லை. அப்பா அம்மாவைத் தள்ளவுமில்லை. சேட்டுப் பொத்தான்களை மெதுவாகப் பூட்டிக்கொண்டு காத்துநின்றார். கடைசிப் பொத்தானையும் பூட்டிய பிறகு அம்மா தானாகவே விலகினார்.

அப்பா தனக்கு மேலதிகாரியாக இருந்த ஒரு சிங்களப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு போனார். கேபிள் தம்பியும் பின்னால் நடந்தார். "நீர் வரவேண்டாம், பொய் சொன்னதெண்டு உம்மையும் பிடிப்பாங்கள்" என்று அப்பா சொல்லியும் கேட்கவில்லை. அங்கே அப்பா எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாராம். ஒன்றே ஒன்றில் மட்டும் பொய் சொன்னார்: "கேபிள் பொடியன் இலக்கத்தை மாறிப் பார்த்துவிட்டான்." அதற்காகக் கேபிள் தம்பியின் கன்னத்தில் ஒன்று விழுந்தது. போ என்றார்கள்.

அன்று பின்னேரமே ஹாஜியாரை விட்டார்கள். அப்பாவை வைத்துக்கொண்டார்கள். ஒரு கிழமைக்கு மேல் நாங்கள் உண்ணவில்லை, உறங்கவில்லை. டீச்சர் எங்கள் வீட்டிலேயே வந்து படுத்தார். பிறகு அப்பா வந்தார். மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்து வாசித்திருக்கிறார்கள். பெரியவரின் சொல்லுக்கும் மதிப்பு இருந்தது. அப்பாவின் மேல் ஒரு கை படவில்லை, பிளேன்டீகூடக் கொடுத்தார்களாம். ஹாஜியாருக்கு வலது காது கேட்காமல் போயிருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாத மனிதர் அவர். தெரியாது, தெரியாது என்று சொல்லச் சொல்ல அடித்திருக்கிறார்கள். கேபிள் தம்பி போட்ட கணக்கு ஒவ்வொரு இலக்கத்திலும் பிழையாகிப்போயிருந்தது.

வந்த அன்றே அப்பா கீழ்வீட்டுக்குப் போய் நடந்தது முழுவதையும் ஹாஜியாரிடம் சொன்னார். யார் காட்டினார், ஏன் காட்டினார் என்பதையும் விடவில்லை. ஹாஜியார் இடது காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஒங்கட மகள்ட செய்தி வந்தா எங்களுக்கும் செல்லுங்கோ" என்று மட்டும் சொன்னாராம்.

அதன் பிறகு கேபிள் தம்பி எங்கள் கண்ணில் படவில்லை. கம்பி அறுந்தால் வேறு யாரையோ அனுப்பினார். ஒழுங்கையில் நாங்கள் இறங்குவது தெரிந்தால் மதிலோரமாக ஒதுங்கி, எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார். முன்பு எங்களுடைய மறைவுக்காகத் திரும்பி நின்றவர், இப்போது தன்னுடையதற்காகத் திரும்பி நின்றார். ஒரு நாள் அம்மா கூப்பிட்டார். ஓடியே போய்விட்டார்.

ஆனால் அம்மாவுக்கும் டீச்சருக்கும் நடுவே இருந்த அந்தப் பேச்சு இணைப்பு மட்டும் அதன் பிறகு ஒரு நாள்கூட அறுந்ததில்லை. மழை, மின்னல், கரண்ட் போய்வருவது எதுவும் அதைத் தொடவில்லை. பேசுவதற்குத்தான் அம்மாவிடம் சொல் இல்லாமல் போனது. டீச்சர் தாளிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார்.

பல மாதங்கள் கழிந்து, யுத்தம் முடிந்தது என்று வெடி கொளுத்தினார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் அக்காவின் செய்தி வந்தது. வவுனியாவில் முகாமில் இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாள், கணவன் இல்லை. அழுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் இருந்த எங்களை டீச்சர் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். விறாந்தையில் இருந்தோம். வாசலுக்கு நேரே, ஒழுங்கைத் தூணில் ஏணி சாத்தியிருந்தது. மேலே கேபிள் தம்பி. எங்களைக் கண்டதும் இறங்க முடியாமல் கம்பியைத் திருகிக்கொண்டே இருந்தார். திருக அங்கே ஒன்றும் இருந்திருக்காது.

ஹாஜியார் எழுந்து போய் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எறங்கு மகன்."

அவர் இறங்கினார். ஏணியின் அடியில், முகத்தைத் தூணுக்குக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு நாளா ஒளிக்கிறாய். வெக்கமா?"

"ஆமாங்க."

"என்னத்துக்கு வெக்கம்? எங்கட வீட்டக் காட்டினதுக்கா? இல்லாட்டி, முஸ்லிமுக்கு விழுற அடி லேசா விழும் எண்டு நெனச்சதுக்கா?"

டீச்சர், "விடுங்கோ, என்ன இது" என்றார். ஹாஜியார் விடவில்லை. கேபிள் தம்பி தூணிலிருந்து முகத்தை எடுத்து, ஹாஜியாரைப் பார்த்து, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "ரெண்டாவதுக்குங்க" என்றார்.

"முதலாவதுக்கு எண்டு செல்லியிருந்தா போகச் செல்லியிருப்பன்" என்றார் ஹாஜியார். "வா. இந்தப் பக்கம் இரி. மத்தக் காது கேக்காது."

அவர் ஹாஜியாரின் இடதுபக்கக் கதிரையில் உட்கார்ந்தார். டீச்சர் தேத்தண்ணி கொண்டுவந்தார். எல்லோரும் பார்த்திருக்க, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவைப் பார்க்கவில்லை. எங்களிடம் யாரும் ஹாஜியாரின் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.